ப்ரோ-ஆம் பயம்: 22 ஹேண்டிகேப்போடு ப்ரோவுடன் ஆடலாமா?

கேஜிஏ-வில் (கர்நாடக கோல்ஃப் சங்கம், பெங்களூரு) ப்ரோ-ஆம், அதாவது தொழில்முறை கோல்ஃப் வீரரான ப்ரோவோடு பொழுதுபோக்காக ஆடும் அமெச்சூர்கள் சேர்ந்து ஆடும் சுற்று, ஆட அலுவலகத்திலிருந்து பெயர் கொடுத்துவிட்டார்கள், ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண், குறைவாக இருந்தால் நல்ல ஆட்டக்காரர்) 22, ப்ரோ முன்னால் மானம் போகும் என்று எழுதியிருக்கிறீர்கள். போகாது, தைரியமாக ஆடுங்கள். அமெச்சூர்கள் பந்தைக் காட்டுக்குள் அடிப்பது ப்ரோக்களுக்குப் பழகிய காட்சி. அவர்களுக்கு உண்மையில் எரிச்சல் தருவது மெதுவான ஆட்டம்தான். பந்து கிடைக்கவில்லையா, உங்கள் ஸ்கோர் அணிக்கு உதவாது என்று தெரிந்துவிட்டதா, உடனே கையில் எடுத்துக்கொண்டு நடங்கள். ஸ்கிராம்பிள் முறை என்றால் இன்னும் நிம்மதி, நால்வரில் நல்ல ஷாட் எதுவோ அந்த இடத்திலிருந்துதான் எல்லோரும் அடுத்ததை அடிப்பீர்கள், அதனால் முறையை முன்கூட்டியே அமைப்பாளரிடம் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், க்ரீனில் (குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரை) கவனம். போட்டிக்கு முந்தைய சுற்று என்பதால் ப்ரோவுக்கு அது வேலை நாளும்கூட, குழி எங்கெங்கே வரலாம் என்று யோசித்து நாலு பக்கமும் பட் செய்து (பந்தை மெல்லத் தட்டி உருட்டி) பார்ப்பார், அப்போது பேச்சுக் கொடுக்காதீர்கள், அவருடைய பட் லைனை (பந்து குழிக்கு உருளும் பாதையை) மிதிக்காதீர்கள். பேசுவதற்கு டீயிலிருந்து (ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி அடிக்கும் இடம்) பந்தை நோக்கி நடக்கும் நேரம் இருக்கிறது. ஆனால் உங்கள் ஸ்விங்கைத் திருத்தச் சொல்லி ஒவ்வொரு குழியிலும் கேட்காதீர்கள், பங்கர் (மணல் பள்ளம்) ஷாட் பற்றி ஒரு கேள்வி கேட்டால் பெரும்பாலும் ஆசையாகவே சொல்லித் தருவார்கள்.

மகனுக்கு ஆட்டோகிராஃப் வேண்டும் என்றால் உங்கள் ஆட்டம் முடிந்ததும் அங்கேயே கேளுங்கள். போட்டி நாளில் என்றால் அவர் ஸ்கோர் கார்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வரும்வரை பையன் காத்திருக்கட்டும், தொப்பியும் மார்க்கர் பேனாவும் கையில் தயாராக இருக்கட்டும்.