ஸ்னாப்ஷாட் அழித்தும் இடம் திரும்பவில்லையா? கோட்டாவைப் பாருங்கள்

லினக்ஸின் பிடிஆர்எஃப்எஸ் (Btrfs) கோப்பு முறைமையில் 40 ஸ்னாப்ஷாட்டை (ஒரு நேரத்து நிலையின் நகல்) அழித்து இரண்டு நாளாகியும் இடம் திரும்பவில்லை, பிடிஆர்எஃப்எஸ்-கிளீனர் என்ற கெர்னல் பணி ஒரு சிபியு கோரை முழுதாகத் தின்கிறது என்கிறீர்கள். அழிக்கும் கட்டளை உடனே முடிந்துவிடும். உண்மையான வேலையைப் பின்னணியில் செய்வது இந்தக் கிளீனர்தான். டாப் (top) கட்டளையில் ஐஓ வெயிட் (வட்டுக்காகக் காத்திருக்கும் நேரம்) குறைவாக, சிபியு மட்டும் 100% என்றால் வட்டைக் குறை சொல்லாதீர்கள். கோட்டா (ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டும் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்ற கணக்கு) இயங்கினால், பகிரப்பட்ட ஒவ்வொரு எக்ஸ்டென்ட்டையும் (தொடர்ச்சியான தரவுத் துண்டு) எந்தெந்த ஸ்னாப்ஷாட் பிடித்திருக்கிறது என்று கெர்னல் திரும்பத் திரும்பத் தேடும்.

கோட்டா இயங்குகிறதா என்று பார்க்க கியூகுரூப் ஷோ (btrfs qgroup show) கட்டளை கொடுங்கள். பட்டியல் வந்தால் கோட்டா டிசேபிள் (btrfs quota disable), பிறகு சப்வால்யூம் சிங்க் (btrfs subvolume sync) கொடுத்து, அழிப்பு முடியும் வரை காத்திருங்கள். ரீபூட் வேண்டாம், அழிப்பு விட்ட இடத்திலிருந்துதான் தொடரும்.

ஸ்னாப்பர் (ஸ்னாப்ஷாட்டைத் தானாக எடுத்து அழிக்கும் கருவி) வைத்திருந்தால் ஒன்று: கோட்டா இல்லாமல், ஸ்னாப்ஷாட்கள் பிடித்திருக்கும் இட அளவைப் பார்த்து அது சுத்தம் செய்யாது, எண்ணிக்கை வரம்பு வையுங்கள். இடக் கணக்கு கட்டாயம் வேண்டுமென்றால் கெர்னல் 6.7 முதல் வந்த சிம்பிள் கோட்டா போதும்.