ஆசிரியரிடம் என்ன பேசுவது என்று கேட்ட அம்மாவுக்கு

அம்மா, மகள் ஒன்பதாம் வகுப்பு, கணக்கில் மார்க் இறங்கிக்கொண்டே போகிறது, மேற்படிப்புக்கு என்ன எடுப்பாளோ என்று தூக்கம் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கூடவே ஒரு வரி: “பெற்றோர் கூட்டத்தில் டீச்சர் குறை சொல்வார், நான் தலையாட்டிவிட்டு வந்து வீட்டில் அவளைத் திட்டுவேன்.” எனக்கு அந்த வரிதான் பெரிதாகப் பட்டது. எந்தப் படிப்பு என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்தக் கூட்டத்தில் நடக்கும் பேச்சைச் சரிசெய்வோம்.

என்னிடம் வந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். இயற்கணிதம் தொடங்கியதும் சறுக்கினான். “வீட்டில் யாரும் கவனிப்பதில்லை போலிருக்கிறது” என்றது பள்ளி. “தினமும் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன்” என்றார் அப்பா. அந்த அப்பாவும் நானும் சேர்ந்து உட்கார்ந்து பையனுடைய நோட்டைப் புரட்டினோம். ஒரு எண்ணை மூன்றால் பெருக்கி 5 கூட்டினால் 26. அந்த எண் எது? விடை 7. பையன் 16 வரை வந்து, அது மூன்றால் வகுபடாமல் பேனாவை வைத்துவிட்டிருந்தான். ஆசிரியர் சொல்லித் தந்தது, சமன்பாட்டின் இரண்டு பக்கமும் 5-ஐக் கழிக்கும் முறை. அப்பா சொல்லித் தந்தது, 5-ஐ அந்தப் பக்கம் கொண்டுபோய்க் குறியை மாற்றும் முறை. இரண்டுமே சரி. பையன் இரண்டையும் செய்து, 5-ஐ இரண்டு தடவை கழித்திருந்தான். கணக்குக்குக் கணக்கு அதே தப்பு. வீடும் அக்கறையோடுதான் இருந்தது, பள்ளியும் அக்கறையோடுதான் இருந்தது. ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமல் போனதுதான் வினை. அன்று அந்த அப்பா நோட்டை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். அவருக்காக எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

நடுநிலை வகுப்புப் பிள்ளைகளின் படிப்பில் பெற்றோரின் பங்கு பற்றிய 50 ஆய்வுகளை நான்சி ஹில், டயானா டைசன் என்ற இரு ஆய்வாளர்கள் 2009-இல் தொகுத்துப் பார்த்தார்கள். படிப்பின் மதிப்பைப் பேசுவது, எதிர்காலக் கனவோடு இன்றைய பாடத்தை இணைத்துக் காட்டுவது, பிள்ளையோடு சேர்ந்து திட்டமிடுவது, இவைதான் நல்ல தேர்ச்சியோடு மிக நெருக்கமாக இணைந்திருந்தன. வீட்டுப்பாடத்துக்கு உதவுவது மட்டும் அப்படி இல்லை. பிள்ளை திணறும்போதுதான் பெற்றோர் உதவ உட்காருகிறார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனாலும், இந்த வயதில் நீங்கள் இரண்டாவது கணக்கு டீச்சராக மாற வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.

சரி, ஆசிரியரைப் பார்க்கும் விஷயத்துக்கு வருவோம். பெற்றோர் கூட்ட நாளில், பின்னால் இருபது பேர் நிற்கும்போது எதையும் பேச முடியாது. வேறொரு நாளில் பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். மார்க் பட்டியலை விட்டுவிட்டு, கணக்கு நோட்டையும் திருத்திய தேர்வுத்தாளையும் எடுத்துப் போங்கள். நீங்கள் வீட்டில் பார்த்த ஒன்றைச் சொல்லித் தொடங்குங்கள்: “வடிவியல் என்றால் தானாக உட்காருகிறாள், இயற்கணிதம் என்றால் நோட்டையே திறப்பதில்லை.” இது ஆசிரியருக்குத் தெரிய வழியே இல்லாத தகவல். பிறகு, “எந்த இடத்தில் அவள் நின்றுவிடுகிறாள்?” என்று கேளுங்கள். “ஏன் மார்க் குறைந்தது?” என்று கேட்டால் பதிலாகக் காரணங்கள்தான் வரும். எந்த இடத்தில் என்று கேட்டால் ஆசிரியர் தாளைப் புரட்டி விரல் வைத்துக் காட்டுவார். எழுந்து வருவதற்கு முன் வீட்டில் ஒன்று, வகுப்பில் ஒன்று என்று பேசி முடிவு செய்து, மறுபடி எந்தத் தேதியில் பார்ப்பது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இடையில் நீண்ட பேச்செல்லாம் தேவையில்லை. அமெரிக்க நகரம் ஒன்றில், பாடத்தில் தவறிய மாணவர்களுக்கான கோடை வகுப்பில், ஆசிரியர்கள் வாரம் ஒரு வரி மட்டும் பெற்றோருக்கு எழுதி அனுப்பினார்கள். மேத்யூ கிராஃப்ட், டாட் ராஜர்ஸ் இருவரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வு இது. அந்த ஒரு வரியால், பாடத்தை முடிக்காமல் போனவர்களின் விகிதம் 41 சதவீதம் குறைந்தது. பாராட்டிய வரிகளைவிட, எதைச் சரிசெய்யலாம் என்று சொன்ன வரிகள் கூடுதலாகப் பலன் தந்தன. எனவே ஆசிரியரிடம், “வாரம் ஒரு வரி, அவள் அடுத்து எதைக் கவனிக்க வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள்” என்று கேளுங்கள். பொதுவாக மறுக்கமாட்டார்கள். அந்த ஆசிரியரோடு ஒத்துவரவில்லை என்றால் வகுப்பாசிரியரிடமோ பள்ளி ஆலோசகரிடமோ போங்கள். மகளுக்கு யாரைப் பிடிக்கும் என்று அவளிடமே கேட்டால் இன்னும் நல்லது.

அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள் அம்மா. அவளுக்குத் தெரியாமல் இரண்டு பெரியவர்கள் பேசினால், அது வேவு பார்ப்பது போலத்தான் அவளுக்குப் படும். கதவுக்கு வெளியே நிறுத்தாதீர்கள், பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். முதலில் அவளே பேசட்டும், “எனக்கு எது கஷ்டமாக இருக்கிறது” என்று. வார்த்தை வர நேரம் ஆகும், இடையில் புகுந்து நீங்கள் பதில் சொல்லிவிட வேண்டாம்.

திரும்பி வரும் வழியில் கணக்கைப் பற்றிப் பேச வேண்டாம். அவளுக்கு என்ன வேலை பிடிக்கும், அந்த வேலை செய்பவர்கள் காலையிலிருந்து மாலைவரை என்ன செய்கிறார்கள் என்று பேசிக்கொண்டு வாருங்கள். அவள் எந்த வேலையைப் பற்றி அதிகமாகப் பேசுகிறாள் என்று எனக்கு எழுதுங்கள். எந்தப் பாடங்களை எடுப்பது என்பதை அங்கிருந்து தொடங்கலாம்.