கருஞ்சீரக எண்ணெய் முடக்குவாதத்துக்குக் கேட்குமா?

கேள்வி: அம்மாவுக்கு முடக்குவாதம். பல வருஷம் தேயிலை பறித்த கை, இப்போது காலைக் குளிரில் விரலை மடக்கவே முடியவில்லை. குன்னூர் டாக்டர் வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை போடச் சொல்லியிருக்கிறார். ஊட்டியில் ஒரு தைலக் கடையில், கருஞ்சீரக எண்ணெய் குடித்தால் எதிர்ப்பு சக்தி கூடும், மாத்திரையே வேண்டாம் என்கிறார்கள். கொடுக்கலாமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: முதலில் ஒன்று, மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். முடக்குவாதத்தில் அம்மாவின் எதிர்ப்பு சக்தி குறையவில்லை, தடம் மாறிப்போய் சொந்த மூட்டுகளையே தாக்குகிறது. மெத்தோட்ரெக்ஸேட் அதைத்தான் அடக்கி வைக்கிறது. விட்டால் மூட்டு அரிக்கும், அரித்த மூட்டு பழையபடி ஆகாது.

சரி, எண்ணெய்க்கு வருவோம். கருஞ்சீரக எண்ணெயில் தைமோகுயினோன் என்ற பொருள் இருக்கிறது. மனித எதிர்ப்பு அணுக்களை ஆய்வகத்தில் வளர்த்து, அவற்றோடு இதைச் சேர்த்துப் பார்த்த பல ஆய்வுகளில், டிஎன்எஃப் ஆல்ஃபா மாதிரி வீக்கத்தைத் தூண்டும் புரதங்களை அணுக்கள் குறைவாகவே சுரந்தன. அதாவது கடைக்காரர் சொல்வதற்கு ஏறக்குறைய நேர்மாறு. அளவு கூடினால் அணுக்களே செத்தும் போகின்றன. ஆனால் ஆய்வகத் தட்டில் நேராக விடுகிற அளவு, வாயால் குடித்து, குடலையும் கல்லீரலையும் தாண்டி ரத்தத்தில் போய்ச் சேரும் என்று எண்ணிவிடக் கூடாது.

நோயாளிகளிடமும் பார்த்திருக்கிறார்கள். 2016-இல் வெளியான ஓர் ஈரானிய ஆய்வில், முடக்குவாதம் உள்ளவர்களுக்குத் தினம் 1 கிராம் எண்ணெய் 8 வாரம் கொடுத்தார்கள். வீக்கத்தைத் தணிக்கும் ஐஎல்-10 என்ற புரதம் ரத்தத்தில் கூடியது, டிஎன்எஃப் ஆல்ஃபாவில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. சிறிய ஆய்வு, நம்பிக்கை தருவதுதான், ஆனால் இதை வைத்து மருந்தை விட முடியாது.

அம்மாவுக்குச் சர்க்கரைக்கோ பிரஷருக்கோ மாத்திரை இருந்தால் இந்த எண்ணெய் இரண்டையும் இன்னும் இறக்கிவிடலாம், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிட்டால் ரத்தக்கசிவு ஆபத்தும் உண்டு. மெத்தோட்ரெக்ஸேட்டுக்காக எப்படியும் கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனை செய்வீர்கள். அப்போது பாட்டிலையே கொண்டுபோய் டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். குழம்பிலோ ரொட்டியிலோ தூவுகிற கருஞ்சீரகத்துக்குப் பயப்பட வேண்டாம்.

இன்னொன்று, அதே கடைகளில் பக்கத்திலேயே நீலகிரித் தைலமும் இருக்கும். அதை யாரும் குடிக்கக் கூடாது, குழந்தைகளுக்குக் கொஞ்சம் உள்ளே போனாலும் வலிப்பு வரலாம். இரண்டு பாட்டிலையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள்.