இரண்டாம் முறை பார்த்தபோது இன்னும் அதிகமாகச் சிரிக்க வைத்த அதிரடிப் படம் எது?

ஹாட் ஃபஸ். 2007இல் வந்த பிரிட்டிஷ் படம். எட்கர் ரைட் இயக்கம்; சைமன் பெக்கும் நிக் ஃப்ராஸ்டும் போலீஸ்காரர்கள்.

முதலில் பார்த்தது கல்லூரி விடுதியில். ஒரே லேப்டாப், ஆறு பேர், சப்டைட்டில் கிடையாது. பாதி வசனம் பிடிபடவில்லை. துப்பாக்கிச் சண்டைக்குக் கைதட்டிவிட்டுத் தூங்கப் போய்விட்டோம். போன வாரம் தம்பியோடு, இந்தத் தடவை சப்டைட்டிலோடு, மறுபடி உட்கார்ந்தேன்.

கதை தெரியாதவர்களுக்கு: லண்டனில் நிக்கலஸ் ஏஞ்சல் என்று ஒரு போலீஸ்காரர். ஆள் அநியாயத்துக்குத் திறமைசாலி. இவரால் மற்றவர்கள் மானம் போகிறது என்று பதவி உயர்வு கொடுத்து சாண்ட்ஃபோர்டு என்கிற கிராமத்துக்குத் தூக்கியடிக்கிறார்கள். அங்கே காணாமல் போன அன்னத்தைத் தேடுவதுதான் பெரிய கேஸ். அப்புறம் ஊரில் வரிசையாக 'விபத்து' நடக்கிறது.

இனி சொல்வதில் கதை கொஞ்சம் வெளியே வரும். இத்தனை வருடம் ஆன படம், பரவாயில்லை.

அந்த ஊர் சூப்பர் மார்க்கெட்டை நடத்துபவராக வருவது திமோதி டால்டன், ஒரு காலத்தில் ஜேம்ஸ் பாண்டாக இருந்தவர். ஏஞ்சலை முதன்முதலில் பார்த்ததுமே, என்னைப் பிடித்து உள்ளே போடுங்கள், நான் வெட்டுகிறவன் என்கிறார். ஏஞ்சல் விழிக்க, 'விலையை' என்று சிரிக்கிறார். முதல் தடவை இது ஏதோ கடைக்காரர் ஜோக். இரண்டாம் தடவை, மனிதர் வாயைத் திறக்கும்போதெல்லாம் பொடி வைத்துத்தான் பேசுகிறார் என்று புரிகிறது. குற்றவாளி யார் என்பதைப் படம் ஒளிக்கவே இல்லை, நாம்தான் கவனிக்கவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது வேலித் தகராறு காட்சி. ஒரு கிழட்டு விவசாயி முனகுவது யாருக்கும் புரியாது. வயதான ஒரு போலீஸ்காரர் அதை மொழிபெயர்க்க, அவர் பேசுவதும் புரியாமல், ஏஞ்சலின் கூட்டாளிப் போலீஸ்காரன் டேனி (நிக் ஃப்ராஸ்ட்) அதை இன்னொரு முறை ஏஞ்சலுக்கு மொழிபெயர்க்கிறான். எல்லாம் ஆங்கிலம்தான்! அன்றைக்கு விடுதியில் எங்கள் ஆறு பேர் கதியும் அதேதான். அந்தக் கிழவரின் கொட்டகை நிறைய துப்பாக்கிகள், கூடவே ஒரு கடல் கண்ணிவெடி. இது எதற்கு இங்கே என்று சிரித்துவிட்டு மறந்துபோவோம். படம் மறக்காது.

டேனிக்கு அதிரடிப் படம் என்றால் உயிர். பாய்ந்துகொண்டே இரண்டு கையாலும் சுட்டிருக்கிறீர்களா என்று ஏஞ்சலை நச்சரிக்கிறான். நிஜப் போலீஸ் வேலை அப்படி இல்லை என்று இவர் அலுத்துக்கொள்கிறார். கடைசியில் டேனி கேட்டதையெல்லாம் ஒன்று விடாமல் செய்கிறார்கள், அதுவும் முழு மனதோடு. வெறும் நக்கலென்றால் அரை மணி நேரத்தில் சலித்திருக்கும். இவர்கள் கேலி செய்வது தாங்களே விசிலடித்துப் பார்த்த படங்களை. குற்றப் பத்திரம் நிரப்புவதைக்கூட துப்பாக்கிச் சண்டை மாதிரி படபடவென்று வெட்டி, பின்னணி இசையோடு காட்டுகிறார்கள். பேனா மூடியைத் திறப்பதற்கே அவ்வளவு பில்டப்!

குறை இல்லாமலில்லை. முடிந்தது என்று எழுந்தால் இன்னொரு சண்டை தொடங்குகிறது. ரத்தமும் கொஞ்சம் தாராளம். சர்ச் கோபுரக் கல் விழும் காட்சி வரும்போது கையில் சாப்பாட்டுத் தட்டு வேண்டாம்.

இந்த ஊரில் எல்லோரும் துப்பாக்கி வைத்திருப்பார்கள் என்று ஒரு போலீஸ்காரர் சொல்லுவார். யார் யார் என்று கேட்டால், விவசாயிகள். அப்புறம்? விவசாயிகளின் அம்மாக்கள். ஒரு மணி நேரம் கழித்து அப்படி ஓர் அம்மா நிஜமாகவே துப்பாக்கியோடு வந்து நின்றபோது தம்பி படத்தை நிறுத்தினான். ரிமோட்டை எடுத்து, அந்த வசனம் வரும் இடம் வரைக்கும் பின்னால் ஓட்டினான்.