அப்பா ராகம் கேட்க வேண்டாம், பாடட்டும்

கேள்வி: அக்கா, நாங்கள் முள்ளியவளைப் பக்கம். அப்பாவுக்கு 66 வயது. பிரஷர் இருக்கிறது, கிளினிக்கில் தரும் குளிசை போடுகிறார். ஆனால் நித்திரை இல்லை. இரவு இரண்டு மணிக்கு எழும்பி முற்றத்தில் நடப்பார், கேட்டால் “ஒண்டுமில்லை, நீ படு” என்பார். முந்தி கோவலன் கூத்தில் பாடினவர். யுத்தம் முடிந்த 2009க்குப் பிறகு ஒரு வரி பாடி நான் கேட்கவில்லை. எந்த வருத்தத்துக்கு எந்த ராகம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு அட்டவணை வந்தது, ஆனந்தபைரவி கேட்டால் பிரஷர் இறங்கும் என்று போட்டிருந்தது. இரண்டு கிழமையாக ஹெட்போன் மாட்டிக் கேட்க வைக்கிறேன், அவர் கழற்றி வைத்துவிடுகிறார். அதே குழுவில் ஒருவர் மூன்று மாத ராக சிகிச்சைக்கு 30,000 ரூபாய் கேட்கிறார், அதன் பிறகு குளிசையை மெல்ல மெல்ல விட்டுவிடலாமாம். அம்மாவோ கழிப்புக் (தோசம் போக்கும் சடங்கு) கழிக்க வேண்டும் என்று ஒரே பிடியாக நிற்கிறா. நான் என்ன செய்ய?

– ஒரு மகள், முல்லைத்தீவு மாவட்டம்

பதில்: தங்கச்சி, முதலில் குளிசை. அதை ஒரு நாளும் நிறுத்தாதீர்கள், பாதியாக உடைத்தும் கொடுக்காதீர்கள். பிரஷர் ஏறி நிற்பது பெரும்பாலும் ஆளுக்கே தெரியாது, தலையிடிகூட வராது. குளிசையை விட்டு நாலு மாதம் “நல்லாத்தான் இருக்கிறன்” என்று திரிந்தவர் ஒரு விடிய பாயை விட்டு எழும்பும்போது ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கிடந்ததை என் சொந்தத்துக்குள்ளேயே பார்த்திருக்கிறேன். அந்த 30,000 ரூபாய் ஆளிடம் வேறு எதையும் விசாரிக்க வேண்டாம், குளிசையை விடலாம் என்று சொன்ன இடத்திலேயே அவருடைய கதை முடிந்தது. பாட்டுச் சொல்லித் தருகிறேன், மாதம் இவ்வளவு என்று கேட்டால் அது நேர்மையான தொழில். ராகத்தை வைத்து மருந்தை நிறுத்துகிறேன் என்கிறவர் சங்கீதக்காரரும் இல்லை, வைத்தியரும் இல்லை.

இனி அந்த அட்டவணை. எனக்கும் வந்தது, மூன்று தரம், மூன்று விதமாக. ஒன்றில் பிரஷருக்கு ஆனந்தபைரவி, அடுத்ததில் ஆஹிர் பைரவ், இன்னொன்றில் ஹிந்தோளம். ஆனந்தபைரவியில் எனக்கு ஒரு குறையும் இல்லை, நல்ல நாதஸ்வரக்காரர் நிதானமாக வாசித்தால் இருந்த இடத்தை விட்டு எழும்ப மனம் வராது. ஆனால் அதே ராகத்தை வேகமாக ஒரு கச்சேரிக்காரர் பாடினால் வேறு ஆளாக நிற்கும். காலம், சத்தம், யார் வாசிக்கிறார்கள், கேட்கிறவர் எந்த நினைவோடு உட்கார்ந்திருக்கிறார், இதெல்லாவற்றையும் விட்டுவிட்டு ராகத்தின் பெயரை மட்டும் எடுத்து நோயின் பெயருக்கு எதிரே எழுதினால், அது மருந்துக்கடைக்காரர் பெட்டிக்கு மேலே ஒட்டுகிற துண்டு மாதிரித்தான்.

அதற்காக இசைக்கும் உடம்புக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. படுக்கப் போகும்போது தினமும் 25 முதல் 60 நிமிடம் வரை அமைதியான இசை கேட்டவர்களுக்கு நித்திரை கொஞ்சம் நன்றாக வருகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஒபரேஷனுக்கு முன் வருகிற பதற்றமும் இசையால் குறைகிறது. அமெரிக்காவில் இரண்டு உலகப் போர்களிலும் காயப்பட்டு வந்தவர்களுக்கு ஆஸ்பத்திரிகளில் பாட்டுக்காரர்கள் போய் வாசித்ததில் இருந்துதான் இது ஒரு படிப்பாக வளர்ந்தது, 1950இல் அவர்கள் தேசிய அளவில் ஒரு சங்கமே அமைத்துவிட்டார்கள். போர்க் காயத்தில் இருந்து தொடங்கியது என்பது வன்னியில் இருக்கிற எங்களுக்கு ஒரு விதத்தில் விளங்கும். சென்னையில் வயலின் வித்துவான் குன்னக்குடி வைத்தியநாதனும் ராகங்களை ஆராய என்றே ஒரு மையம் நடத்தினார். ஆனால் இன்ன ராகம் இன்ன நோயைக் குணமாக்கும் என்பது வேறு கதை. அதற்கு இந்த மாதிரி உறுதி கிடையாது.

உங்கள் கடிதத்தில் எனக்கு முள்ளாகக் குத்தியது ஹெட்போன். அவர் கழற்றி வைக்கிறார் என்று குறையாக எழுதியிருக்கிறீர்கள். நானாக இருந்தாலும் கழற்றித்தான் வைப்பேன். கிபிர் போர்விமான இரைச்சலுக்கும் ஷெல் கூவலுக்கும் காதைத் தீட்டி வைத்துப் பிழைத்த மனிதர் அவர். இரண்டு காதையும் அடைத்துவிட்டுக் கண்ணை மூடு என்றால் அந்த உடம்பு எப்படிச் சம்மதிக்கும்? வெளியே நாய் குரைப்பது கேட்க வேண்டும், படலை திறக்கிற சத்தம் கேட்க வேண்டும், அப்போதுதான் அவருக்கு ஆறுதல். பாட்டு வைப்பதானால் ஒரு சின்ன ரேடியோவையோ போனையோ தலைமாட்டில் இல்லாமல் கால்மாட்டுப் பக்கம் தள்ளி வையுங்கள், பக்கத்தில் இருப்பவர் மெல்லக் கதைப்பதைவிடச் சத்தம் கூட வேண்டாம். சொல் இல்லாத இசை நல்லது, வீணையோ குழலோ. நடுவில் விளம்பரம் கத்துகிற செயலியில் போட்டு வைக்காதீர்கள், முதலே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த ராகம் என்று கேட்பீர்கள். கட்டாயம் ஒன்று சொல்லு என்றால் நீலாம்பரி. அதற்கு என்னிடம் இருக்கிற காரணம் ஆய்வு இல்லை, ஒரு தறப்பாள் கொட்டில். 2009இல் செட்டிகுளம் அகதி முகாமில் எங்கள் வரிசையில் ஒரு கைக்குழந்தை இரவிரவாக அழும். என் அப்பம்மா போய் வாங்கி மடியில் போட்டு ஆராரோ சொல்லுவா. அந்தக் குரல் ஒன்றும் பெரிய குரல் இல்லை, சுருட்டுக் குடித்துக் கரகரத்த குரல். பிள்ளை பத்து நிமிடத்தில் உறங்கிவிடும். ஒரு நாள் அப்பம்மா நிறுத்திவிட்டு எழும்பப் பார்க்க, பக்கத்துத் தறப்பாளுக்குள்ளே இருந்து ஒரு ஆம்பிளைக் குரல் கேட்டது, “ஆச்சி, இன்னும் கொஞ்சம் பாடுங்கோ.” அதன் பிறகு பிள்ளை உறங்கினாலும் அவ நிறுத்துவதில்லை. பல வருடம் கழித்து ஒரு சங்கீத ஆசிரியைக்கு அந்த மெட்டை நான் பாடிக் காட்ட, இது நீலாம்பரிச் சாயல் பிள்ளை என்றார். அப்பம்மாவுக்கு அந்தப் பெயர் கடைசி வரை தெரியாது. தேவாரத்தில் மேகராகக் குறிஞ்சி என்று வருகிற பண்ணை இப்போது நீலாம்பரியில்தான் பாடுகிறார்கள், ஆகவே கோயிலில் அவ கேட்டிருக்கலாம், அல்லது அவவின் தாயிடம் இருந்து வந்திருக்கலாம்.

சரி, உங்கள் அப்பாவிடம் வருகிறேன். அவர் கேட்கிற ஆள் இல்லை தங்கச்சி, பாடுகிற ஆள். இதுதான் நான் சொல்ல வந்தது.

எங்கள் பழைய கதைகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அப்பருக்குச் சூலை நோய் வந்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு திருவதிகைக்குப் போய்த் தன் வாயால் பாடினார், அந்தப் பதிகம் கொல்லிப் பண். முத்துசுவாமி தீட்சிதரின் சீடர் தம்பியப்பனுக்குத் தீராத வயிற்றுவலி என்றும், அதற்காகத் தீட்சிதர் வியாழன் மேல் அடாணா ராகத்தில் ஒரு கீர்த்தனை செய்தார் என்றும் சொல்வார்கள். அந்தக் கதையிலும் கீர்த்தனையைச் சீடருக்குச் சொல்லிக் கொடுத்துத் தினமும் பாட வைத்தார் என்றுதான் வருகிறது. நோயாளி பாடினார். (சம்பந்தர் பிறருக்காகப் பாடிக் குணமாக்கினாரே என்று கேட்டு எழுதாதீர்கள். அது சம்பந்தர்.) புறநானூற்றில் காயப்பட்டுக் கிடக்கிற வீரனின் வீட்டில் வேப்பிலை செருகி, வெண்சிறுகடுகு தூவி, யாழ் வாசித்து, காஞ்சிப் பண் பாடிக் காவல் இருக்கிறார்கள் பெண்கள். அங்கேகூட யாரோ ஒருவர் பாட்டை அனுப்பிவிட்டுப் போகவில்லை, வீடே கூடி இருந்து பாடுகிறது.

பாடும்போது உடம்பில் நடப்பது பெரிய இரகசியம் இல்லை. ஒரு வரியை இழுத்துப் பாட மூச்சை மெல்ல, நீளமாக வெளியே விட வேண்டும். வெளிமூச்சு நீண்டால் இதயத் துடிப்பு தணியும். வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று சுருதி பிடித்தால் இன்னும் ஒன்று நடக்கிறது. சும்மா மூச்சு விடுவதைவிட 15 மடங்கு நைட்ரிக் ஒக்சைட் வாயு மூக்கில் இருந்து வருகிறது என்று 2002இல் சுவீடன் ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள், இரத்தக் குழாயைத் தளர்த்துகிற வாயு அது. உடனே பிரஷர் இறங்கிவிடும் என்று யாரும் வீடியோ போட வேண்டாம், அவர்கள் அளந்தது மூக்கில்.

அவரைப் பாட வைப்பது எப்படி? “அப்பா பாடுங்கோ, உங்களுக்கு நல்லம்” என்றால் பாட மாட்டார். நீங்கள் அவரை நோயாளி ஆக்கியது போதும். வீட்டில் பேரப்பிள்ளை இருந்தால் ஒரு வழி இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் தமிழ்த் தினப் போட்டி வரும், கூத்தும் பாட்டும் அதில் உண்டு. “அப்பப்பா, கோவலன் கூத்தில் ஒரு தரு சொல்லித் தாங்கோ, ரீச்சர் கேட்டவ” என்று பிள்ளை போய் நிற்கட்டும் (தரு என்றால் கூத்துப் பாட்டு). பிள்ளை இல்லாவிட்டால் நீங்களே குசினிக்குள் இருந்து அந்தத் தருவைக் கொஞ்சம் பிழையாகப் பாடுங்கள். வேண்டுமென்றே. கூத்துக்காரருக்குப் பிழை பொறுக்காது. ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் “அப்பிடியில்லை, இழுத்து ஏத்து” என்று ஒரு குரல் வரும். அவரோடு களரியில் ஆடின ஒருவர், பிற்பாட்டுப் பாடின ஒருவர், சல்லாரி (கைத்தாளம்) போட்ட ஒருவர் என்று முள்ளியவளை, தண்ணீரூற்றுப் பக்கம் இன்னும் யாராவது இருப்பார்கள். அவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள். 30,000 ரூபாய்க்கு எத்தனை தரம் ஆட்டிறைச்சிக் கறி வைக்கலாம் என்று கணக்குப் பாருங்கள், பிரஷர்க்காரருக்கு மட்டும் உப்பையும் இறைச்சியையும் குறைத்து.

ஒன்று கவனம். பாடத் தொடங்கினால் அழக்கூடும். அவரோடு பாடினவர்களில் எத்தனை பேர் யுத்தத்தின் அந்தக் கடைசி மாசியிலும் சித்திரையிலும் போனார்களோ, அந்தப் பாட்டில் அவர்கள் எல்லாரும் இருப்பார்கள், 2009இல் வாய் மூடியதற்குக் காரணமும் அதுவாக இருக்கலாம். அழுதால் “அழாதையுங்கோ அப்பா” என்று ஓடிப் போய் நிறுத்தாதீர்கள். வேலப்பணிக்கன் பெண்சாதி அரியாத்தை பேரிலான ஒப்பாரியை வழிவழியாகப் பாடி வைத்திருந்த மண் இது. ஒப்பாரி சொல்லத் தெரிந்த எங்கள் கிழவிகள் அழுது முடித்து, முகம் கழுவி, தேத்தண்ணி கேட்டார்கள். ஆம்பிளைகளுக்குத்தான் அந்த வழியை நாங்கள் வைக்கவில்லை. ஆனால் பாடின பிறகு நாலைந்து நாள் ஒருவரோடும் கதைக்காமல் இருந்தால், சாப்பிடாவிட்டால், இருந்து என்ன பயன் என்கிற மாதிரி ஒரு சொல் வந்தால், பொறுத்திருக்க வேண்டாம், ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. மனநல உதவிக்கு 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். அது பைத்தியத்துக்கான இடம் என்று யாராவது சொன்னால் அவர்களைத் தேத்தண்ணி குடிக்க விட்டு வழியனுப்புங்கள்.

இன்னொன்று, அற்பமாகத் தெரியும், ஆனால் கேளுங்கள். இரண்டு மணிக்கு எழும்புகிறவர் சலம் கழிக்கத்தான் எழும்புகிறாரா? பிரஷருக்குத் தரும் சில குளிசைகள் சலத்தைக் கூட்டும், அதைப் பின்னேரம் போட்டால் இரவு முழுக்க நடைதான். சீனி வருத்தம் இருந்தாலும் இப்படி நடக்கும். அடுத்த கிளினிக்குக்கு நீங்களும் கூடப் போங்கள், கொப்பியைக் காட்டி, எத்தனை மணிக்கு எழும்புகிறார், எதற்கு எழும்புகிறார் என்று டொக்டரிடம் சொல்லுங்கள். அப்பா தானாகச் சொல்ல மாட்டார். நாலு மணிக்குப் பிறகு பிளேன்ரீயையும் நிறுத்திப் பாருங்கள்.

அம்மாவின் கழிப்பு? செய்யட்டும். கழிப்புக் கழிப்பதோ, நூல் கட்டுவதோ, வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மனிடம் கூட்டிப் போய் நேர்த்தி வைப்பதோ அப்பாவைக் கெடுக்கப் போவதில்லை, கடல்நீரில் விளக்கு எரிகிற வாசலில் அம்மாவுக்கு வருகிற நிம்மதியில் வீட்டுக்கும் கொஞ்சம் வரும். ஆனால் வேப்பிலையால் அடிக்கிறவர், சாப்பாட்டை நிறுத்தச் சொல்கிறவர், பெயர் சொல்லாத சூரணம் தருகிறவர் வேண்டாம். சித்த வைத்தியம் வேண்டுமானால் பதிவுள்ள வைத்தியரிடம் போங்கள், அவரிடமும் அதே கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள்.

அப்புறம், அவர் பாடத் தொடங்கிய உற்சாகத்தில் மத்தளம் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டு மணிக்கு முற்றத்தில் நடக்கிற ஆள் அவர். கொஞ்ச நாளைக்குப் பலகைக் கட்டிலில் தட்டினால் போதும், அயலட்டைச் சனம் விடிய வேலைக்குப் போக வேண்டியவர்கள்.