விளாடிவாஸ்டாக்கில் மருத்துவம்: சீன எல்லைக்குப் பயப்பட வேண்டுமா?

கேள்வி: என் மகன் நீட் தேர்ச்சி பெற்றிருக்கிறான். ஆனால் இங்கே சீட் கிடைக்கிற மார்க் இல்லை. ரஷ்யாவில் விளாடிவாஸ்டாக்கில் எம்.பி.பி.எஸ். சேர்த்துவிடுவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். இந்த வாரமே அட்வான்சும் ஒரிஜினல் சர்டிஃபிகேட்டுகளும் வேண்டுமாம். அந்த ஊர் சீன எல்லைக்குப் பக்கம். ரஷ்யாவும் சீனாவும் பழைய பகையாளிகள், நட்பு முறிந்தால் பையன் நடுவில் மாட்டிக்கொள்வான் என்கிறார் என் கொழுந்தனார். அனுப்பலாமா?
- ஒரு தாய், வில்லிவாக்கம்

பதில்: அம்மா, உங்கள் கொழுந்தனார் சும்மா பயமுறுத்தவில்லை. விளாடிவாஸ்டாக் இருக்கிற நிலமே 1860-ல் பலவீனமாக இருந்த சீனப் பேரரசிடம் ரஷ்யா எழுதி வாங்கியது. சீனர்கள் அதை மறக்கவில்லை. அந்த ஊருக்கு அவர்கள் வைத்திருந்த பழைய பெயர் ஹைஷென்வாய். வரைபடங்களில் அந்தப் பெயரையும் சேர்த்து அச்சிட வேண்டும் என்று 2023-ல்கூட சீன அரசு விதி கொண்டுவந்தது.

இரண்டு நாடுகளும் 1950-ல் முப்பது வருஷத்துக்கு ராணுவக் கூட்டணி ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. ஒருவரைத் தாக்கினால் மற்றவர் உதவிக்கு வர வேண்டும். அந்த ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போதே, 1969 மார்ச்சில், உசூரி ஆற்றின் நடுவே உள்ள தமான்ஸ்கி தீவுக்காக இரு ராணுவமும் சுட்டுக்கொண்டன. விளாடிவாஸ்டாக் எந்த மாகாணத்தில் இருக்கிறதோ அதே மாகாணத்தின் எல்லை அது. எனவே நட்பு ஒப்பந்தம் இருக்கிறதே என்று உங்களுக்கு நான் ஆறுதல் சொல்ல மாட்டேன். 2001-ல் போட்ட இப்போதைய ஒப்பந்தம் அந்த அளவுக்குக்கூடப் போகவில்லை. ஆபத்து வந்தால் கலந்து பேசுவோம் என்பதோடு சரி.

ஆனாலும் இன்றைய நிலைமை வேறு. 1969-ல் எல்லைக்கோடு எது என்பதிலேயே தகராறு. அதை 1991-லும் 2004-லும் பேசித் தீர்த்து, 2008-ல் கடைசித் துண்டையும் அளந்து முடித்துவிட்டார்கள். அவ்வளவு ரத்தம் சிந்திய தமான்ஸ்கி தீவு இப்போது சீனாவிடம்தான் இருக்கிறது. சண்டை போட நிலம் மிச்சமில்லை. மேற்கு நாடுகளின் தடைகளுக்குப் பிறகு ரஷ்யாவுக்கு எண்ணெயும் எரிவாயுவும் விற்க ஆள் வேண்டும், சீனாவுக்குச் சரக்கு வேண்டும். 2023-ல் இருவருக்கும் இடையே நடந்த வியாபாரம் சுமார் 24,000 கோடி டாலர். அந்த வருஷம் ஜூன் முதல் சீனாவின் ஜிலின் மாகாணம் தன் சரக்கை விளாடிவாஸ்டாக் துறைமுகம் வழியாகவும் அனுப்புகிறது. உள்ளுக்குள் சந்தேகம் உண்டு. சீனாவோடு நமக்கு எல்லையில் முறைப்பு இருந்தபோதும் ரஷ்யா நமக்கு ஏவுகணைத் தடுப்பு அமைப்பு கொடுத்ததே, அது ஒன்று போதும். ஆனால் இப்படிக் கணக்குப் பார்த்துச் சேர்ந்தவர்கள் ஒரே ராத்திரியில் வெட்டிக்கொள்வதில்லை. விரிசல் வந்தால் வருஷக்கணக்கில் முன்பே தெரியும். உங்கள் பையன் படித்து முடிக்கும் காலத்துக்குள் அந்த எல்லையில் போர் வரும் என்று நான் நினைக்கவில்லை. ஏதாவது அவசரம் என்றாலும் அந்த ஊரில் 1992 முதல் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது.

எனக்குப் பயமெல்லாம் உங்கள் கடிதத்தின் அந்த இன்னொரு வரியில்தான். "இந்த வாரமே" என்கிறாரே, அதில்.

முப்பது வருஷம் சர்வதேச உறவுகள் பாடம் நடத்தியவன் நான். என்னிடம் வரும் பெற்றோர் புதினைப் பற்றியும் ஷி ஜின்பிங்கைப் பற்றியும் கேட்கிறார்கள். பணம் கட்டிய ரசீதில் யார் பெயர் இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்டால் பதில் இருக்காது. வெளிநாட்டில் மருத்துவம் படித்துவிட்டு இங்கே பதிவு செய்ய 2021-ல் வந்த விதி இதுதான்: குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே கல்லூரியில் 12 மாத இன்டர்ன்ஷிப், பாடம் ஆங்கில வழியில். திரும்பி வந்தபின் இங்கேயும் 12 மாத இன்டர்ன்ஷிப், ஒரு தகுதித் தேர்வு. முதல் சில வருஷம் ஆங்கிலம், அப்புறம் ரஷ்ய மொழி என்று நடத்தும் இடங்களும் உண்டு. ஏஜென்ட் அதைச் சொல்ல மாட்டார்.

இதற்கு ஒரு விலக்கு இருக்கிறது. ஏமாற்றுவது அதை வைத்துத்தான், பொறுமையாகப் படியுங்கள். விதி அமலுக்கு வந்தது 2021 நவம்பர் 18. அன்றைக்கு முன்பே படிப்பை முடித்தவர்களுக்கும், அன்றைக்கு அங்கே படித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் இது பொருந்தாது. ஏஜென்ட் சுவரில் மாட்டியிருக்கும் போட்டோக்களில் வெள்ளைக் கோட்டோடு நிற்பவர்கள் எந்த வருஷம் சேர்ந்தவர்கள் என்று கேளுங்கள். 2019, 2020 என்றால் அவர்கள் பழைய விதியில் டாக்டர் ஆனவர்கள். "இவர் பிராக்டிஸ் பண்ணுகிறாரே" என்பது உங்கள் பையனுக்குச் சாட்சி ஆகாது. அவனுக்குப் புதிய விதிதான். ஒரு நாள்கூடச் சலுகை கிடையாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வேலை, படிப்பு என்று ஆசை காட்டி அழைத்துப்போன இளைஞர்களை ரஷ்ய ராணுவத்தில் சேர்த்துப் போர்முனைக்கு அனுப்பியதாக 2024 மார்ச்சில் சி.பி.ஐ. வழக்குப் பதிவு செய்தது. உங்கள் பையனுக்குப் புரியாத மொழியில் எழுதிய எந்தத் தாளிலும் அவன் கையெழுத்துப் போடக் கூடாது. பகுதிநேர வேலை என்று சொன்னாலும் கூடாது.

நம் நாட்டில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவருக்கு 1983 சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். படிக்க அனுப்புகிறவரை அந்தச் சட்டம் தொடுவதே இல்லை. இந்தக் கல்லூரி நல்லது, இது வேண்டாம் என்று, அந்த 2021 விதியைப் போட்ட தேசிய மருத்துவ ஆணையமும் பட்டியல் தருவதில்லை, விதியைப் படித்து நீங்களே முடிவு செய்யுங்கள் என்கிறது. பிளஸ் டூ முடித்த பையனும் அவன் அம்மாவும் அரசிதழைப் படித்துச் சட்ட நுணுக்கம் பார்க்க வேண்டுமா? பல வருஷமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன், எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது: ஆழ்வார்பேட்டையில் உள்ள ரஷ்ய அரசின் கலாசார மையமான ரஷ்யன் ஹவுஸுக்கு ஒருமுறை நேரில் போய் விசாரியுங்கள். பல்கலைக்கழகத்துக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்பி, ஆறு வருஷமும் ஆங்கிலத்தில்தான் பாடமா, இன்டர்ன்ஷிப் அங்கேயே உண்டா என்ற இரண்டு கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். அந்தப் பதில் வரும்வரை ஏஜென்ட்டுக்கு ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டுகள் உங்கள் பீரோவிலேயே இருக்கட்டும்.