சென்னை ஓஎம்ஆர் சாலையில் ஐடி வேலை பார்த்துக்கொண்டே, ஐஐஎம்களில் எம்பிஏ சேர்வதற்கான கேட் (CAT) தேர்வுக்குப் படிக்க முடியுமா?

தாராளமாக முடியும். தேர்வு நடக்கும் நவம்பர் கடைசிவரை ஆறு மாதம் இருந்தால், கோச்சிங் கட்டாயமில்லை. கணக்கு பெரும்பாலும் எட்டாவது முதல் பத்தாவது வரை படித்ததுதான்: சதவீதம், விகிதம், வேகம், இயற்கணிதம். தூசி தட்டினால் வந்துவிடும்.

ஆளைக் கவிழ்ப்பது தரவு, தர்க்கப் பகுதி. கணக்கு, தரவு-தர்க்கம், ஆங்கிலம் என மூன்று பகுதிக்கும் தலா 40 நிமிடம். ஒன்றில் மிச்சமான நேரத்தை இன்னொன்றுக்குக் கொண்டுபோக முடியாது. அதனால் தரவு, தர்க்கப் பகுதியில் முதல் ஐந்து நிமிடம் எதையும் போடாமல் எல்லா செட்டையும் (ஒரே தகவலை வைத்துக் கேட்கும் கேள்வித் தொகுப்பு) வாசியுங்கள். எதை விடுவது என்று முடிவெடுப்பதுதான் பாதித் திறமை. சரியான விடைக்கு 3 மதிப்பெண், கொடுத்த விடைகளில் தவறானதைத் தேர்ந்தெடுத்தால் 1 கழியும். விடையைத் தட்டச்சு செய்யும் கேள்விகளில் கழிவு கிடையாது, காலியாக விடாதீர்கள்.

ஆங்கிலத்துக்குச் சொல் பட்டியல் மனப்பாடம் வீண் வேலை (இதை யாரும் நம்புவதில்லை!). பெரும்பாலான கேள்விகள் பத்திகளை வாசித்து விடை சொல்பவை. ஆபீஸ் பஸ்ஸில் தினமும் ஒரு நீளக் கட்டுரை வாசியுங்கள்.

வார இறுதியில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து பழைய வினாத்தாள்களைப் போடலாம். மாதிரித் தேர்வை மட்டும் கணினியில், நேரம் வைத்து எழுதுங்கள். அப்புறம், சென்னையிலேயே எம்பிஏ படிக்க நினைத்தால் அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் நுழைவுத் தேர்வுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.